அழிப்பது வேறு, மறைப்பது வேறு: போட்டோ எடிட்டிங்கில் ‘லேயர் மாஸ்க்’ ஏன் முக்கியம்?

விளம்பர டிசைன் நடக்கும் எந்த ஆபீஸிலும் அடிக்கடி காதில் விழும் உரையாடல் இது.

“ப்ரோ, அந்த மாடல் பின்னாடி கடை போர்டு இருந்துச்சுல்ல? அது இருக்கட்டும்னு கிளையன்ட் சொல்றாங்க. திரும்பக் கொண்டு வந்துடலாமா?”

“முடியாது ப்ரோ. அதை அழிச்சு சேவ் பண்ணியாச்சு.”

பிறகு நடப்பது தெரிந்ததுதான். போட்டோ எடுத்தவருக்கு போன் போகும். பழைய மெயில், வாட்ஸ்அப் குரூப் எல்லாம் துழாவப்படும். ஒரிஜினல் கிடைத்தாலும், தலைமுடியை ஓரம் ஓரமாக வெட்டி எடுத்த இரண்டு மணி நேர வேலை மறுபடியும் முதலிலிருந்து. கிடைக்காவிட்டால், வாட்ஸ்அப் சுருக்கி அனுப்பிய மங்கலான படத்தை வைத்து ஒப்பேற்ற வேண்டியதுதான்.

இத்தனைக்கும் காரணம் எடிட்டிங் ஆப்களில் ‘எரேசர்’ என்ற பெயரில் இருக்கும் ரப்பர். அதைத் தொடவே தேவையில்லாமல் செய்யும் ‘லேயர் மாஸ்க்’ என்ற வசதி வந்து 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஆனாலும் போட்டோ எடிட்டிங் சொல்லித் தரும் பல வீடியோக்களில் ரப்பர் முதலில் வருகிறது; மாஸ்க் ‘அட்வான்ஸ்டு’ பகுதிக்குத் தள்ளப்படுகிறது. இது தலைகீழ் வரிசை. மாஸ்க்தான் முதல் பாடமாக இருக்க வேண்டும்.

‘நான் டிசைனர் இல்லையே, எனக்கு எதுக்கு இது?’ என்று கேட்கலாம். வேலை தேடும் தளத்துக்கு புரொஃபைல் படம், இன்ஸ்டாகிராமில் விற்கும் நகையின் படம், யூடியூப் தம்ப்நெயில் என்று இன்று போட்டோவைத் தொடாதவர் குறைவு. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஆதார் நகலில் எண்ணைக் ‘கறுப்படித்து’ அனுப்புகிறோமே, அங்கே இதே விஷயம் நமக்கு எதிராகத் திரும்புகிறது. அதற்குப் பிறகு வருவோம்.

சரி, மாஸ்க் என்றால் என்ன?

முதலில் லேயர். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு படம் ஒட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கீழே கடற்கரை, மேலே ஒரு பெண், அதற்கும் மேலே எழுத்து. மேலிருந்து பார்த்தால் ஒரே படம். ஒவ்வொரு தாளும் ஒரு லேயர்.

லேயர் மாஸ்க் என்பது ஒரு லேயரோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு படம். அதில் நிறம் கிடையாது. கறுப்பு, வெள்ளை, இடைப்பட்ட சாம்பல் மட்டும். அந்தப் படம் நம் கண்ணுக்கு நேரடியாகத் தெரியாது. ‘இந்த லேயர் எந்த இடத்தில் தெரியலாம், எந்த இடத்தில் தெரியக்கூடாது’ என்று சொல்வது மட்டுமே அதன் வேலை. மாஸ்கில் வெள்ளையாக இருக்கும் இடத்தில் லேயர் தெரியும். கறுப்பாக இருக்கும் இடத்தில் மறைந்து, அடியில் உள்ள லேயர் தெரியும்.

வீட்டு ஜன்னலை வைத்துச் சொன்னால் எளிது. வெள்ளை என்பது திறந்த ஜன்னல். கறுப்பு என்பது சுவர். சாம்பல் என்பது கொசுவலை: வெளியே தெரியும், ஆனால் முழுதாகத் தெரியாது. சுவர் வைத்ததால் வெளியே இருக்கும் வேப்பமரம் செத்துவிடுவதில்லை. சுவரை எடுத்தால் மரம் அங்கேயே நிற்கும். ரப்பர் அப்படியில்லை, அது மரத்தையே வெட்டிவிடுகிறது.

கணக்காகவும் சொல்லலாம். வழக்கமான 8 பிட் படத்தில் மாஸ்கின் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் உண்டு. 0 என்றால் கறுப்பு, 255 என்றால் வெள்ளை. மேல் லேயரில் ஒரு புள்ளியின் வெளிச்சம் 200, கீழ் லேயரில் அதே இடத்தில் 80, மாஸ்கில் 128 என்று வைத்துக்கொள்வோம். மாஸ்க் ஏறக்குறைய பாதி திறந்திருக்கிறது. ஆகவே கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் இரண்டுக்கும் நடுவே, சுமார் 140. அவ்வளவுதான் மந்திரம். கலக்கும் இந்தக் கணக்கை டாம் போர்ட்டர், டாம் டஃப் என்ற இருவர் 1984-ல் ஓர் ஆய்வுக் கட்டுரையாக ஒழுங்குபடுத்தித் தந்தார்கள். அப்போது அவர்கள் லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தில் சினிமாவுக்கான கணினி வரைகலையில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். போட்டோஷாப்புக்கு லேயர்கள் வந்தது 1994-ல், அதன் மூன்றாம் பதிப்பில்.

சினிமா என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. கணினி வருவதற்கு வெகு காலம் முன்பே மாஸ்க் இருந்தது. 1940-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘உத்தம புத்திரன்’ படத்தில் பி.யு.சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்தார். அந்தக் காலத்தில் ஒரே நடிகர் இரண்டு பேராக ஒரே சட்டகத்தில் நிற்க உலகெங்கும் பரவலாகக் கையாண்ட வழி இதுதான்: கேமராவின் ஒரு பாதியை மறைத்துப் படம் பிடிப்பார்கள். ஃபிலிமைப் பின்னால் சுற்றி, அடுத்த பாதியை மறைத்து, அதே ஃபிலிமில் மறுபடி பிடிப்பார்கள். நடுக்கோட்டைத் தாண்டி நடிகர் கையை நீட்டக் கூடாது. கேமரா இம்மியும் அசையக் கூடாது. தப்பு நடந்தால் ‘அண்டூ’ கிடையாது, ஃபிலிம் போச்சு. இன்று நம் கையில் இருக்கும் மாஸ்கின் அருமை, அந்த ஒளிப்பதிவாளர்களை நினைத்தால்தான் புரியும்.

ஒரு படத்தை எடுத்துச் செய்து பார்ப்போம்

பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் தெருவில் வெயில் கொளுத்துகிறது. போனில் எடுத்த படத்தில் தெரு பளிச்சென்று இருக்கிறது. பாட்டியின் முகம் இருட்டு. நம் ஊரில் எடுக்கும் படங்களில் பாதி இப்படித்தான்.

பிரைட்னெஸ் ஏற்றினால் முகம் தெரியும், ஆனால் தெரு வெள்ளையாக வெளுத்துப்போகும். இங்கேதான் மாஸ்க் வேண்டும். படத்தை இன்னொரு லேயராக நகல் எடுங்கள். மேலே இருக்கும் நகலை, முகம் நன்றாகத் தெரியும் அளவுக்கு வெளிச்சமாக்குங்கள். தெரு வெளுத்தால் வெளுக்கட்டும். இப்போது அந்த மேல் லேயருக்குக் கறுப்பு மாஸ்க் போடுங்கள். போட்டோஷாப்பில் ஆல்ட் பட்டனை அழுத்திக்கொண்டு, லேயர் பட்டியலின் அடியில் இருக்கும் மாஸ்க் குறியைச் சொடுக்கினால் போதும். கட்டத்துக்குள் வட்டம் வரைந்ததுபோல் இருக்கும். கிம்ப் மென்பொருளில் லேயரின் மேல் வலது சொடுக்கினால் மாஸ்க் சேர்க்கும் கட்டளை வரும். வெள்ளையா கறுப்பா என்று அதுவே கேட்கும்.

மேல் லேயர் முழுக்க மறைந்துவிடும். பழைய இருட்டுப் படம் திரும்ப வந்துவிடும். பதற வேண்டாம். மென்மையான ஓரம் கொண்ட பிரஷ்ஷை எடுத்து, நிறத்தை வெள்ளையாக்கி, பாட்டியின் முகத்தின் மேல் மெல்லத் தடவுங்கள். தடவும் இடத்தில் மட்டும் வெளிச்சம் ஏறும். காது தாண்டிச் சுவரிலும் பட்டுவிட்டதா? நிறத்தைக் கறுப்பாக்கி அந்த இடத்தில் தடவுங்கள், சரியாகிவிடும். போட்டோஷாப்பில் எக்ஸ் எழுத்தைத் தட்டினால் கறுப்பும் வெள்ளையும் இடம் மாறும். பழகியவர்களின் இடது கை அந்த எழுத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கும்.

முழு வெள்ளையில் ஒரே இழுப்பாக இழுத்தால் பாட்டி முகத்தில் டார்ச் அடித்த மாதிரி இருக்கும். ஆகவே பிரஷ்ஷின் ஒப்பாசிட்டியை 20 சதவீதத்துக்கு இறக்குங்கள். ஒரு தடவை தடவினால் 20 சதவீதம் தெரியும். விட்டு மறுபடி தடவினால் 40 அல்ல, 36. ஏனென்றால் இரண்டாம் தடவை, மீதமிருக்கும் 80-ல் 20 சதவீதத்தைத்தான் திறக்கிறது. மூன்றாவதில் ஏறக்குறைய 49. ஐந்தாவதில் 67. பத்து முறை தடவினாலும் 89-தான் வரும். 11 சதவீதம் மிச்சம் நிற்கும். எத்தனை தடவினாலும் நூறைத் தொடுவது கஷ்டம். முகத்துக்கு இது நல்லது, வெளிச்சம் படிப்படியாக இயல்பாக ஏறும். இந்த 11 சதவீதத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஆதார் விஷயத்தில் தேவைப்படும்.

போட்டோஷாப்பிலும் போட்டோபியாவிலும் நகல் லேயர்கூடத் தேவையில்லை. ‘அட்ஜஸ்ட்மென்ட் லேயர்’ ஒன்றைப் போட்டால் அதனுடனே மாஸ்க் ஒட்டிக்கொண்டு வரும். வேலை அதேதான்.

எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம்

மாஸ்க் பழகுகிறவர்கள் முதல் வாரத்தில் ஒரு முறையாவது ‘என்னடா, படத்தின் மேலேயே கறுப்பு மை அடிச்சிருக்கு’ என்று திகைப்பார்கள். லேயர் பட்டியலில் ஒரு லேயருக்கு இப்போது இரண்டு குட்டிப் படங்கள் இருக்கும்: ஒன்று படம், இன்னொன்று மாஸ்க். எதன் மேல் கடைசியாகச் சொடுக்கினீர்களோ அதில்தான் பிரஷ் வேலை செய்யும். தேர்வான குட்டிப் படத்தைச் சுற்றி ஒரு கட்டம் தெரியும். பிரஷ்ஷைத் தொடும் முன் அந்தக் கட்டத்தைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மீதிப் பாதி, ஓரங்கள். பின்னணியை நீக்கிய படங்களில் தலையைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு, கண்மை இட்டதுபோல, தெரியும். பாஸ்போர்ட் சைஸ் படம் முதல் தேர்தல் பேனர் வரை இதைப் பார்க்கலாம். மாஸ்கின் ஓரம் ஒரு சில புள்ளிகள் வெளியே தள்ளி நிற்பதால், பழைய பின்னணியின் மிச்சம் ஒட்டிக்கொண்டு வருகிறது. மாஸ்கை ஒன்று, இரண்டு புள்ளி உள்ளே சுருக்கி, ஓரத்தை லேசாக மென்மையாக்கினால் போய்விடும். ரப்பரால் வெட்டியிருந்தால், அதிகமாக வெட்டிவிட்ட ஓரத்தைத் திரும்ப வெளியே கொண்டுவர வழியே இல்லை. வெட்டிய ஓரம் வெட்டிய ஓரம்தான்.

தலைமுடி தனிக்கதை. ஒற்றை முடி என்பது ஒரு புள்ளியைவிடவும் மெலிதாக இருக்கலாம். அந்தப் புள்ளியில் கொஞ்சம் முடி, கொஞ்சம் பின்னணி. அதற்குக் கறுப்பும் சரியில்லை, வெள்ளையும் சரியில்லை. சாம்பல்தான் நியாயமான பதில். ஒரே தட்டில் பின்னணி நீக்கும் ஆப்களில் சில, முடியை ஹெல்மெட் மாதிரி வழித்துவிடுவதற்குக் காரணம், சாம்பல் போட வேண்டிய இடத்தில் அவை ஆம், இல்லை என்று முடிவெடுப்பதுதான். நல்ல மாஸ்க்கா என்று பார்க்க, ஆல்ட் பட்டனோடு மாஸ்கின் குட்டிப் படத்தைச் சொடுக்குங்கள். போட்டோஷாப் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தையே முழுத் திரையில் காட்டும். முடியோரம் புகை மாதிரி சாம்பலாக இருந்தால் நல்லது. உடம்பின் நடுவே சாம்பல் திட்டு இருந்தால் அங்கே ஆள் பேய் மாதிரி ஊடுருவித் தெரியப் போகிறார் என்று அர்த்தம்.

இன்னொரு எளிய சோதனை: வெட்டிய ஆளுக்கு அடியில் கண்ணைப் பறிக்கும் பச்சை நிற லேயர் ஒன்றைத் தற்காலிகமாகப் போட்டுப் பாருங்கள். விட்டுப்போன தூசு, அரைகுறை ஓரம் எல்லாம் காட்டிக்கொடுக்கும்.

போனில் முடியுமா?

முடியும். பெயர்தான் வேறாக இருக்கும். ஸ்னாப்சீடில் நெடுநாளாக ஒரு வசதி உண்டு: செய்த திருத்தங்களின் பட்டியலைத் திறந்து, ஒரு திருத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பிரஷ் குறியைத் தொட்டால், அந்தத் திருத்தம் எங்கே தெரிய வேண்டும் என்று விரலால் தடவலாம். அளவு 0, 25, 50, 75, 100. ஐந்தே படிகள் கொண்ட மாஸ்க் அது. மாஸ்க் என்று சொல்லிக்கொள்ளாத மாஸ்க். லைட்ரூமில் 2021 முதல் ‘மாஸ்கிங்’ என்றே தனிப் பகுதி இருக்கிறது. ஆள், வானம் என்று அதுவே பிரித்துக் கொடுக்கும். தப்பாகப் பிரித்தால் கூட்டலாம், கழிக்கலாம். கேன்வாவில் பின்னணி நீக்கிய பிறகு ‘ரிஸ்டோர்’ பிரஷ்ஷால் திரும்பக் கொண்டுவர முடிகிறது என்றால், பின்னால் மாஸ்க் இருக்கிறது என்றுதான் பொருள்.

புது ஆப் ஒன்றை இறக்கினால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: நீக்கியதைத் திரும்பக் கொண்டுவர வழி இருக்கிறதா? சேவ் செய்து, மூடி, மறுநாள் திறந்தாலும் இருக்கிறதா? பல ஆப்களில் முதல் கேள்விக்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை. கேலரியில் சேவ் ஆகும் நொடியிலேயே எல்லாம் ஒன்றாகத் தட்டையாகிவிடும்.

கம்ப்யூட்டர் இருந்தால் காசு ஒரு தடையில்லை. கிம்ப், கிருதா இரண்டும் இலவசம். போட்டோபியா பிரவுசரிலேயே ஓடும், போட்டோஷாப்பின் பி.எஸ்.டி ஃபைலையும் திறக்கும். திருட்டு போட்டோஷாப்பை இறக்கி, கூடவே வைரஸையும் வரவேற்பதற்கு இந்தக் காலத்தில் நியாயமே இல்லை.

சேவ் பண்ணும்போது கவனம். ஜேபெக் கோப்பில் லேயரும் கிடையாது, மாஸ்க்கும் கிடையாது. வேலைக்கான ஃபைலை பி.எஸ்.டி என்றோ, கிம்ப்பில் எக்ஸ்.சி.எஃப் என்றோ வைத்துக்கொண்டு, அனுப்புவதற்கு மட்டும் ஜேபெக் எடுங்கள். ‘ஃபைல் பெருசாயிடுமே’ என்ற கவலை ஓரளவுதான் நியாயம். 4,000-க்கு 3,000 புள்ளி அளவுள்ள ஒரு போன் படத்தில் 1.2 கோடி புள்ளிகள். நிறப்படத்துக்குப் புள்ளிக்கு மூன்று பைட், ஆக சுமார் 36 எம்.பி. மாஸ்க்குக்கு ஒரே பைட், 12 எம்.பி. அதுவும் சுருக்குவதற்கு முன் உள்ள கணக்கு. ஒரே கறுப்பாகவோ ஒரே வெள்ளையாகவோ பரந்து கிடக்கும் மாஸ்க் சேவ் ஆகும்போது இன்னும் வெகுவாகச் சுருங்கும். இரண்டு மணி நேர வேலையைக் காப்பாற்ற இது பெரிய விலை இல்லை.

டிசைன் வேலையை வெளியே கொடுக்கும் சிறு நிறுவனங்கள் ஒன்று செய்யலாம். வேலை பேசும்போதே ‘லேயரும் மாஸ்க்கும் இருக்கும் ஃபைலும் வேண்டும்’ என்று எழுதிக் கேட்டுவிடுங்கள். தீபாவளி பேனரை பொங்கலுக்கு மாற்ற வேண்டி வரும்போது அந்த ஒரு வரியின் மதிப்பு தெரியும். ஃப்ரீலான்ஸ் செய்கிறவர்கள் அதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் அதுவும் நியாயம்தான். ஆனால் அந்த ஃபைலே இல்லை என்று கைவிரிப்பது நியாயமில்லை.

இப்போது ஆதாருக்கு வருவோம்

இதுவரை ‘மறைத்தது அழியவில்லை’ என்பதை நல்ல சேதியாகச் சொல்லி வந்தோம். வாடகை வீட்டுக்கு, சிம் கார்டுக்கு, ஹோட்டல் ரூமுக்கு என்று ஆதார் நகலைப் போனில் அனுப்பும்போது அதே வாக்கியம் கெட்ட சேதி.

போனில் இருக்கும் மார்க்கரால் எண்ணின் மேல் கறுப்படித்து அனுப்புகிறோம். சில போன்களில் அந்த மார்க்கர் ஹைலைட்டர் வகை. முழுதாக மூடாது, ஊடுருவித் தெரியும். நாலைந்து முறை தேய்த்தால் கண்ணுக்குக் கறுப்பாகிவிடும். ஆனால் அந்த 11 சதவீதம் ஞாபகம் இருக்கிறதா? கண்ணுக்குத்தான் அது கறுப்பு; கணினிக்கு 0-க்கும் 27-க்கும் வித்தியாசம் உண்டு. பெறுபவர் படத்தின் பிரைட்னெஸ்ஸையும் கான்ட்ராஸ்ட்டையும் ஏற்றினால் உள்ளே இருக்கும் இலக்கங்கள் எட்டிப் பார்க்கும். பாட்டியின் முகத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த அதே வேலைதான் இது.

ஃபைல் வகையிலும் ஆபத்து இருக்கிறது. மாஸ்க் போட்டு மறைத்த பி.எஸ்.டி ஃபைலையே அனுப்பினால், பெறுபவர் ஷிஃப்ட் பட்டனோடு மாஸ்க்கைச் சொடுக்கினால் போதும். மாஸ்க் அணைந்து எல்லாம் தெரியும். பி.என்.ஜி கோப்பும் முழுப் பாதுகாப்பில்லை. கிம்ப்பில் பி.என்.ஜி-யாக எடுக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளின் நிறத்தையும் சேர்த்து வைக்கவா என்று ஒரு தேர்வு இருக்கும். அது டிக் ஆகியிருந்தால், மறைந்த இடத்தின் நிறங்கள் கோப்புக்குள்ளேயே பயணம் செய்யலாம்.

இது ஏட்டளவுப் பயம் இல்லை. 2019 ஜனவரியில், டிரம்ப்பின் முன்னாள் பிரசாரத் தலைவர் பால் மனஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் அமெரிக்க நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பி.டி.எஃப் ஆவணத்தில் ரகசிய வரிகளின் மேல் கறுப்புப் பட்டை போட்டிருந்தார்கள். அந்த இடத்தை செலக்ட் செய்து, காப்பி செய்து, வேறிடத்தில் ஒட்டியதும் வரிகள் அப்படியே வந்தன. செய்தியாளர்களுக்கு அன்று நல்ல வேட்டை. 2023 மார்ச்சில் இன்னொன்று வெளிவந்தது: கூகுள் பிக்சல் போன்களின் ‘மார்க்அப்’ கருவியில் வெட்டிச் சுருக்கிய ஸ்கிரீன்ஷாட்களில், வெட்டிய பகுதியின் தகவல் கோப்பின் வால்பகுதியில் அப்படியே கிடந்தது. ஓரளவு மீட்கவும் முடிந்தது. ‘ஏக்ரோபலிப்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். கூகுள் அதைச் சரிசெய்துவிட்டது. ஆனால் அதற்கு முன் பல ஆண்டுகள் அனுப்பப்பட்ட படங்கள் அனுப்பப்பட்டவைதான். இரண்டிலும் மாஸ்க் கிடையாது, ஆனால் கோளாறு ஒன்றேதான். மறைந்ததை, இல்லாமல் போனதாக எடுத்துக்கொண்டார்கள்.

மொசைக் போடுவதும் மங்கலாக்குவதும் எண்களுக்கு உகந்ததல்ல. இலக்கங்கள் பத்தே வகை. மங்கலான வடிவத்தை வைத்து எந்த இலக்கம் என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து ஊகிக்க முடியும். முகத்துக்கோ வண்டி நம்பர் பலகைக்கோகூட அதை நம்பாமல் இருப்பது நல்லது.

ஆக, உண்மையிலேயே அழிக்க வேண்டிய இடத்தில் ரப்பருக்கு மரியாதை உண்டு. எண்ணின் மேல் 100 சதவீத ஒப்பாசிட்டியில் ஒரு கட்டத்தை வையுங்கள், மார்க்கர் வேண்டாம். லேயர்களை ஒன்றாகத் தட்டையாக்குங்கள். ஜேபெக்காகப் புதுப்பெயரில் எடுங்கள். போனிலேயே செய்வதாக இருந்தால், கட்டம் வைத்த படத்தைத் திரையில் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அனுப்புங்கள். திரையில் தெரியாதது அதில் இருக்க வழியில்லை. அனுப்பும் முன் பிரைட்னெஸ்ஸை உச்சத்துக்கு ஏற்றி நீங்களே ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஆதாரைப் பொறுத்தவரை இந்தப் பாடே தேவையில்லை. ஆதார் ஆணையமே ‘மாஸ்க்டு ஆதார்’ என்று தருகிறது. 12 இலக்கங்களில் முதல் எட்டு மறைந்து, கடைசி நான்கு மட்டும் இருக்கும். இணையத்தில் ஈ-ஆதார் இறக்கும்போது அந்தத் தேர்வைக் குறித்தால் போதும். நாமே கறுப்படிக்கும்போது பலரும் மறந்துவிடுவது பக்கத்தில் இருக்கும் கியூஆர் கட்டத்தை. எண்ணைப் பொத்திப் பொத்தி மூடிவிட்டு அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பெயர், பிறந்த தேதி, முகவரி, புகைப்படம் எல்லாம் அந்தக் கட்டத்துக்குள்ளேதான் இருக்கின்றன. எண்ணின் மேல் வைத்த அதே கறுப்புக் கட்டத்தை நகலெடுத்து அதன் மேலும் வைத்துவிட்டு, பிறகு தட்டையாக்குங்கள்.